நம்ம எம்.பி.

இப்போது அவன் பெயருக்கு முன்னால் 'மாண்புமிகு' போட வேண்டுமாம். போட்டுக்கொள்ளட்டும். இது என் வீட்டில், என் மேசையில் உட்கார்ந்து எழுதுவது. இதில் அவன் அவன்தான். ஓசூர் நீதிமன்றத்துக்கு எதிர்ச் சந்தில், டீக்கடைக்கு மேலே, ஒரே அறையில் என்னோடு உட்கார்ந்து தொழில் செய்த வக்கீல். இரண்டு மேசைக்கும் சேர்த்து ஒரு மின்விசிறி. அது எப்படி வைத்தாலும் கடைசியில் அவன் பக்கமே திரும்பி நிற்கும். இன்றைக்கு அவன் டெல்லியில் எங்கள் தொகுதிக்காகப் பேசுகிறான். நான் அதே அறையில் வாய்தா வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

"கூடவே இருந்தீங்களே சார், ஆளு எப்டி?" என்று நிறையப் பேர் என்னிடம் கேட்கிறார்கள். நான் ஒரே பதிலைத்தான் சொல்கிறேன். "அவன்கிட்ட ஒரே ஒரு வார்த்தைதாங்க இருந்துச்சு. அத வெச்சே டெல்லி போய்ட்டான்." நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரிப்பார்கள். எனக்கு அவன் விஷயத்தில் விளையாட்டே வராது.

அந்த வார்த்தை 'நம்ம'.

அறை முதலில் என்னுடையது. வாடகை பாதிப் பாதி என்று பேசி அவன் வந்து சேர்ந்த வாரத்திலேயே அது 'நம்ம ரூம்' ஆகிவிட்டது. சரி, வாடகை கொடுக்கிறான், சொல்லிவிட்டுப் போகட்டும். அடுத்து என் ஸ்கூட்டரில் கை வைத்தான்.

"நம்ம வண்டி சாவி எங்க வக்கீலே?"

எனக்குச் சுருக்கென்றது. "சாவி மேசை மேல இருக்கு. வண்டி என்னோடது" என்றேன்.

"அதான், நம்ம வண்டிதானே" என்று எடுத்துக்கொண்டு போயே விட்டான். பெட்ரோல் போட்டுத்தான் திருப்பிக் கொண்டுவந்து விடுவான், அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் போகிற இடத்தில் எல்லாம் 'நம்ம வண்டி' என்று சொல்லிச் சொல்லி, ஒருநாள் நான் பாகலூர் ரோட்டில் போகும்போது ஒருத்தர் கை காட்டி நிறுத்தி, "ஏங்க, இது அந்த வக்கீல் வண்டியாச்சே, நீங்க எப்டி?" என்று கேட்டார். அன்றைக்கு நான் சாப்பிடவே இல்லை.

என் வீட்டு டிபன் பாக்ஸைத் திறந்தால் "நம்ம வீட்டுச் சாப்பாடு" என்பான். என் மனைவிக்கு அதில் வாயெல்லாம் பல். "அண்ணன் எவ்ளோ உரிமையா நம்ம வீடுங்கறாரு, நீங்க எதுக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கறீங்க?" என்று எனக்கே பாடம் எடுப்பாள். கறிக்குழம்பு வைக்கிற நாளில் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கட்டிக் கொடுப்பாள்.

இந்த வார்த்தை ஒருநாள் அவனை மாட்டிவிடும் என்று எனக்குத் தெரியும். மாட்டியும் விட்டது. தஞ்சாவூர்ப் பக்கத்து மாஜிஸ்திரேட் ஒருவர் புதிதாக வந்திருந்தார். இவன் அவர் முன்னால் எழுந்து நின்று, "ஐயா, நம்ம சம்சாரத்துக்கு உடம்பு சரியில்லீங்க, அடுத்த வாரத்துக்கு ஒரு வாய்தா வேணும்" என்றான்.

மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றினார். "யார் சம்சாரத்துக்கு வக்கீல் சார்?"

"நம்ம சம்சாரத்துக்குத்தாங்க ஐயா."

கோர்ட் ஹாலே கொல்லென்று சிரித்தது. டவாலி வாயைப் பொத்திக்கொண்டார். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது அவன்தான். அந்தச் சிரிப்பிலேயே மாஜிஸ்திரேட் வாய்தாவையும் கொடுத்துவிட்டார். அதே நாளில், சட்டப் புத்தகத்தில் பக்கம் குறித்து வைத்துக்கொண்டு வாய்தா கேட்ட எனக்கு, "நோ, நோ, ப்ரொசீட்" என்று பதில் வந்தது.

கீழே டீக்கடையில் அவனை உட்காரவைத்துச் சொன்னேன். "இங்க பாருய்யா. 'நம்ம'ன்னா பேசறவனும் கேக்கறவனும் சேந்தது. கேக்கறவன விட்டுட்டுச் சொல்லணும்னா 'எங்க'. எங்க வீடு, எங்க சம்சாரம். மூணு வயசுக் கொழந்தைக்குத் தெரியும் இது."

அவன் டீயை ஆற்றிக்கொண்டே, "நம்ம வீட்ல கன்னடம் வக்கீலே. அதுல ரெண்டுக்கும் ஒரே வார்த்தைதான்" என்றான். "உன்ன வுட்டுட்டுச் சொல்றதுக்குன்னு தனியா ஒண்ணு கெடையாது. நான் என்னா பண்ணட்டும்?"

கெலமங்கலத்துக்காரன் அவன். வீட்டில் கன்னடம், தெருவில் தெலுங்கு, சந்தையில் உருது, பள்ளிக்கூடத்தில் தமிழ் என்று வளர்ந்தவன். நான்கு பாஷையும் பேசுவான், நான்கையும் ஒழுங்காகப் பேசமாட்டான். நான் சிங்காரப்பேட்டை. எங்கள் வீட்டில் தொழுகைக்கு அரபு, மற்ற எல்லாவற்றுக்கும் தமிழ். கல்லூரியில் பட்டிமன்றம் பேசிப் பரிசு வாங்கியவன். தமிழைப் பிழையில்லாமல் பேசினால் மனிதர்கள் மதிப்பார்கள் என்று நம்பிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தேன்.

மதித்த லட்சணத்தைச் சொல்கிறேன். என் பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டு உருது பேசுகிற ஒரு பழக்கடைக்காரர் மாடியேறி வந்தார். சலாம் சொல்லி, உட்கார்ந்து, கடகடவென்று உருதுவில் தன் கடை வழக்கைச் சொல்ல ஆரம்பித்தார். "பாய், எனக்கு உருது வராது, தமிழ்ல சொல்லுங்க" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பெயர்ப் பலகையையும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். எதிர் மேசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "ஆவோ பாய், பைட்டோ. அப்னாச் கேஸ்!" உருதுவிலும் அதே 'நம்ம'தான், பாருங்கள். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவர் அந்தப் பக்கம் போய்விட்டார். என் பெயரைப் பார்த்து வந்த கட்சிக்காரர்!

எங்கள் தொழிலில் கட்சிக்காரர் என்றால் வழக்கோடு வருகிறவர். வெளியே அந்த வார்த்தைக்கு அரசியல் கட்சி ஆள் என்று அர்த்தம். மற்றவர்களுக்கு இது இரண்டு. அவனுக்கு மட்டும் ஒன்றாகவே இருந்தது. அவனிடம் வழக்குக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் வழக்கு முடிந்த பிறகும் அவனை விட்டுப் போகவில்லை. தோற்றுப்போனவர்கள்கூட வந்தார்கள். நான் ஜெயித்துக் கொடுத்தவர்கள் ரோட்டில் என்னைப் பார்த்தால் வணக்கம் வைத்துவிட்டு வண்டியை விடுவார்கள்.

நாங்கள் இருவரும் ஒரே நாளில்தான் அரசியல் கட்சியில் சேர்ந்தோம். எனக்கு அதில் ஒரே ஆசை இருந்தது, மறைப்பானேன்: பாராளுமன்றத்தில் நின்று நல்ல தமிழில் ஒரு பேச்சு பேச வேண்டும். கண்ணாடி முன்னால் நின்று "மதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே" என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். என் மனைவிக்குத் தெரியும்.

அதற்கு வழி திறந்துவிட்டது ஒரு தொழிலாளர் வழக்கு. சிப்காட்டில் ஒரு கம்பெனி, பெயர் வேண்டாம், ஒப்பந்தத் தொழிலாளர்களை ஒரே நாளில் வெளியே நிறுத்திவிட்டது. 'இவர்கள் எங்கள் ஆட்களே இல்லை, காண்ட்ராக்டரின் ஆட்கள்' என்றது. வழக்கு எங்கள் அறைக்கு வந்தது. யோசித்து யோசித்து வாதத்தைக் கட்டியது நான். கடைசியில் அதை ஒரே மூச்சில் சொல்லிக் காட்டினேன்: "ஏத்திக்கிட்டு வர்ற பஸ் கம்பெனி பஸ். போடற சோறு கம்பெனி கேண்டீன் சோறு. வேலை சொல்ற சூப்பர்வைசர் கம்பெனி ஆளு. சம்பளம் குடுக்கற கை மட்டும் எப்படி வேற கை ஆச்சு?"

அவன் துள்ளி எழுந்தான். "வக்கீலே! இது போதும்யா நமக்கு!"

நான் அதைத் தொழிலாளர் நீதிமன்றத்தில் சொன்னேன். அவன் அதைக் கம்பெனி கேட்டுக்கு முன்னால் ஒரு டெம்போ மேல் ஏறி நின்று தமிழில், தெலுங்கில், கன்னடத்தில் சொன்னான். பீகார்ப் பையன்களுக்காக அவனுக்குத் தெரிந்த உருதுவை இந்தி மாதிரி இழுத்தும் சொன்னான். வழக்கு ஜெயித்தது, எல்லோரையும் திரும்ப வேலைக்கு எடுத்தார்கள். தூக்கிவைத்து ஆடியது அவனைத்தான். "யோவ், நம்ம வக்கீல விட்டுட்டீங்களே, அவரையும் கூப்புடுங்கய்யா" என்று என் கையைப் பிடித்து இழுத்துப் படத்துக்கு நிறுத்தினான். மறுநாள் பேப்பரில் அவன் முழுசாக இருந்தான். அவன் தோள்மேல் என் கை மட்டும் இருந்தது.

எலெக்‌ஷன் வந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு வக்கீலுக்குச் சீட்டு என்று கட்சியில் பேச்சு. நேர்காணலுக்கு இருவரையும் சென்னைக்குக் கூப்பிட்டார்கள். ஒரே காரில் போனோம், ஒரே காரில் திரும்பினோம். கிருஷ்ணகிரி டோல்கேட்டில் வண்டி வரிசையில் நிற்கும்போது அவனுக்குப் போன் வந்தது. "ஆமாங்க... சரிங்க... ரொம்ப சந்தோசங்க" என்றான். போனை வைத்துவிட்டு, பின் சீட்டிலிருந்து எட்டி என்னைக் கட்டிப் பிடித்தான். அவன் கண்ணில் தண்ணீர்.

"வக்கீலே, சீட்டு நமக்குத்தான்!"

நமக்கு. யாருக்கு என்று வாய்விட்டுக் கேட்க வெட்கம். அவனுக்கே கிடைத்திருந்தால் 'எனக்கு' என்றுதானே சொல்வான், எனக்குக் கிடைத்ததால்தான் பெருந்தன்மையாகத் தன்னையும் சேர்த்துச் சொல்கிறான் என்று கணக்குப் போட்டேன். பட்டிமன்ற மூளை! சூளகிரி வருவதற்குள் நன்றியுரை தயார். மனைவிக்குப் போன் போட்டுக் குரலைத் தாழ்த்தி, "சீட்டு நமக்குத்தானாம்" என்றேன்.

"நமக்குன்னா யாருக்குங்க?" என்றாள் அவள். பளிச்சென்று கேட்டுவிட்டாள். நான் போனை வைத்துவிட்டேன்.

ஓசூர் வளைவில் பட்டாசு வெடித்தார்கள். காரின் முன் சீட்டில் நான், பின்னால் அவன். கதவைத் திறந்து இறங்கினேன். ஆளுயர மாலையோடு ஒருவர் ஓடிவந்தார். நான் தலையைக் குனிந்தேன். ஐயோ, கொஞ்சமாகவா குனிந்தேன், நன்றாகவே குனிந்தேன். "கொஞ்சம் நகருங்க சார்" என்றார் அவர். மாலை என் தலையைத் தாண்டிப் போய் அவன் கழுத்தில் விழுந்தது. குனிந்த தலையை என்ன செய்வது என்று தெரியாமல் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் உட்கார்ந்துவிட்டேன். நான் அன்றைக்குப் போட்டிருந்தது ஷூ.

பிரச்சாரத்துக்குப் போகாமல் வீட்டில் படுத்துக்கொள்ள நினைத்தேன். மனைவி விடவில்லை. தேன்கனிக்கோட்டைப் பக்கம் அவன் கன்னடத்தில் 'நம்ம' என்றான். தெலுங்கு ஊர்களில் 'மன' என்றான். நான் மேடை ஓரத்தில் நின்று தண்ணீர் குடித்தேன். எனக்கென்று ஓர் ஊர் இருக்கிறதே, அங்கே பார்த்துக்கொள்கிறேன் என்று சிங்காரப்பேட்டைக்காகக் காத்திருந்தேன். போனோம். என் அத்தாவின் தம்பி, சித்தப்பா முறை, எங்கள் சாச்சா, கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "நம்ம ஆளு வந்துட்டாரு! எல்லாரும் வாங்கப்பா!" பிறகு என்னைப் பார்த்தார். "நீ எப்பப்பா வந்த?"

ஜெயித்தான். அதற்கு மேல் அதில் எழுத ஒன்றுமில்லை.

பாராளுமன்றத்தில் அவன் முதல் பேச்சை நீதிமன்ற கேண்டீனில் போனில் பார்த்தோம். சுற்றி வக்கீல்கள். ஒப்பந்தத் தொழிலாளர்களைப் பற்றி, தமிழில். "ஏத்திக்கிட்டு வர்ற பஸ் கம்பெனி பஸ். போடற சோறு கம்பெனி கேண்டீன் சோறு..." கையில் இருந்த வடையைக் கீழே வைத்துவிட்டேன். என் வரி! கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்த வாய் இங்கே இருக்கிறது, வரி மட்டும் டெல்லிக்குப் போய்விட்டது. "இது நம்ம ஊர்ல நம்ம ஜெயிச்ச வழக்குங்க" என்றான் சபாநாயகரிடம். கேண்டீனில் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், எல்லோரும் பார்க்கிறார்களே.

அந்தப் பேச்சுக்காக எங்கள் வக்கீல் சங்கத்தில் பாராட்டு விழா வைத்தார்கள். கூட இருந்தவன் என்று என்னையும் பேசச் சொன்னார்கள். நான் காத்திருந்த மேடை அது.

"நம்ம எம்.பி.க்கு எல்லாம் தெரியும். 'நாம்' எது, 'நாங்கள்' எது, அது மட்டும் தெரியாது" என்று ஆரம்பித்தேன். "வண்டி என்னுடையது, அவருக்கு அது நம்ம வண்டி. சோறு என் வீட்டுச் சோறு. அவருக்கு நம்ம வீட்டுச் சோறு. இவ்வளவு ஏன், கட்டிய மனைவியையே கோர்ட்டில் நம்ம சம்சாரம் என்று சொல்லி வாய்தா வாங்கியவர். நல்லவேளை, நம்ம பாராளுமன்றம் என்று சொல்லி அங்கிருக்கும் நாற்காலியைத் தூக்கி வராமல் விட்டாரே!"

மண்டபம் அதிர்ந்தது. அவனும் மேடையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். யாரோ போனில் பிடித்துப் போட்டுவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் அது ஊரெல்லாம் சுற்றியது. 'எம்.பி.க்குத் தமிழ் வாத்தியார் தேவை' என்று மேலே எழுதி வேறு அனுப்பினார்கள். எனக்கு வயிறு குளிர்ந்தது, பொய் சொல்லமாட்டேன்.

அவனிடமிருந்து போன் வந்தது. திட்டப்போகிறான் என்று எடுத்தேன். "சூப்பரா பேசின வக்கீலே! நம்ம பேச்சு எல்லார் போன்லயும் ஓடுது பாத்தியா?"

நான் அவனைக் கிண்டல் செய்து பேசிய பேச்சு! அதையும் நம்ம பேச்சாக்கிவிட்டான். இந்த மனிதனை எந்தப் பக்கம் போய் அடிப்பது?

ஆனால் கட்சித் தலைமைக்கு அந்த வீடியோ பிடிக்கவில்லையாம். டிவியில் பேசுகிற ஆள், தமிழைச் சரிசெய்துகொள்ளுங்கள் என்று சொல்லி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரை அவனுக்கு ஏற்பாடு செய்தார்கள். கேள்விப்பட்டதும் நான் அந்த வாத்தியாரை நினைத்துப் பரிதாபப்பட்டேன்.

போன மாதம் அவன் எங்கள் பழைய அறைக்கு வந்தான். கார் சந்துக்குள் வராது என்று மெயின்ரோட்டில் விட்டுவிட்டு, மாடிப்படி ஏறி வந்தான். அவன் மேசையில் இப்போது என் ஜூனியர் பெண் உட்காருகிறாள். அவள் பதறி எழுந்தாள். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை. மூத்த மகளுக்குக் கல்யாணம். அந்தப் பெண் என் மடியில் உட்கார்ந்து என் கறுப்புக் கோட்டின் பொத்தானைக் கடித்து விளையாடியவள்.

அவன் நேராக நின்றான். தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"எங்க வீட்டுக் கல்யாணம். நீங்க குடும்பத்தோட வந்திருந்து எங்க பொண்ண ஆசீர்வாதம் பண்ணணும். எங்க வீட்ல எல்லாரும் எதிர்பார்ப்போம்."

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தான். அந்தப் பெரிய முகத்தில் பரீட்சை எழுதிய சந்தோஷம். "சரியா சொன்னனா வக்கீலே? இப்பல்லாம் தப்பே வர்றதில்ல. வாத்தியாரு ரொம்ப ஸ்ட்ரிக்ட். ஆனா இத மொதல்ல சொல்லிக் குடுத்தது நீதான்."

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு அழைக்க வருகிறவர்கள், வேண்டியவர்கள் வீட்டில் எப்படிச் சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். நம்ம வீட்டுக் கல்யாணம், நீங்கதான் முன்னாடி நின்னு நடத்தணும். பத்திரிகையை மட்டும் வைத்துவிட்டுப் போகிற வீட்டில்தான் 'எங்க வீட்டுக் கல்யாணம், அவசியம் வந்துடுங்க' என்பார்கள். இதை எந்த வாத்தியாரும் சொல்லிக் கொடுக்கமாட்டார். அவனுக்குத் தெரிந்துதான் சொன்னானா, தெரியாமல் சொன்னானா, அது எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

"சரியாத்தான் சொன்ன" என்றேன். இலக்கணப்படி ஒரு குற்றமும் இல்லை.

அவன் டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். நான் ஜன்னலருகே போய் நின்றேன். படியிறங்கியவன் என் ஸ்கூட்டரைப் பார்த்து நின்றான். சீட்டை ஒரு தட்டு தட்டி, அண்ணாந்து என்னைப் பார்த்து, "உன் வண்டி இன்னும் ஓடுதா?" என்று கேட்டான்.

"ஓடுது" என்றேன்.

பிறகு டீக்கடை வாசல் அடுப்புப் பக்கம் போனான். டீ மாஸ்டர் அவன் ஊர்ப் பக்கத்து ஆள். கையில் பத்திரிகையைக் கொடுத்துக் கன்னடத்தில், அதே பழைய குரலில், சந்தே கேட்கிற மாதிரிச் சொன்னான். "நம்ம மனெ மதுவெ கணப்பா! எல்லாரூ பர்பேக்கு!"

ஓசூர் வளைவு மாலையிலிருந்து டெல்லிப் பேச்சுவரை எனக்கு வந்த வயிற்றெரிச்சலெல்லாம் ஒன்றுமே இல்லை. பால் பொங்கிவிட்டதே என்று பாத்திரத்தை இறக்கிவிட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பத்திரிகையை வாங்கிய அந்த டீ மாஸ்டரைப் பார்த்து எரிந்தேன் பாருங்கள், அது எரிச்சல்.

எனக்குக் கன்னடம் வராது. ஆனால் அந்த முதல் வார்த்தை புரிந்தது.